நோயாளியின் குற்றமும் வைத்தியரின் கடமையும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது வீடுகளிலும் திண்ணைகளிலும் ரயில் பெட்டிகளிலும் அடிக்கடி காதில் விழுகின்ற ஒரு கேள்வி. குடித்துக் குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவனுக்கும், புகைத்துப் புகைத்து நுரையீரலைக் கருக்கிக்கொண்டவனுக்கும், நாவை அடக்க மாட்டாமல் சர்க்கரை வியாதியை வரவழைத்துக்கொண்டவனுக்கும், ஒழுங்காக வாழ்கின்றவன் செலுத்தும் வரிப்பணத்திலிருந்து சர்க்கார் எதற்காக வைத்தியம் செய்ய வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. அப்படிப்பட்டவர்களுக்குப் பொது வைத்தியத்தைக் குறைக்கலாமா, தாமதப்படுத்தலாமா, மறுக்கலாமா?

இப்படிக் கேட்பவர்களைக் கல்நெஞ்சர் என்று தூற்றிவிட்டு மேலே செல்வது எளிது; ஆனால் அது நேர்மையாகாது. அரசு மருத்துவமனைக்கு விடியற்காலையில் வந்து, ஓ.பி. சீட்டுக்காக வரிசையில் நின்று, தம் பச்சைக் குழந்தையின் காய்ச்சலோடு மணிக்கணக்கில் காத்திருக்கின்ற ஒரு தாய், அவசரப் பிரிவில் மதுவாடையோடு கொண்டுவரப்பட்ட ஒருவரைச் சுற்றி மருத்துவர்களும் செவிலியர்களும் ஓடுவதைப் பார்த்து, “என் பிள்ளை என்ன பாவம் செய்தது?” என்று மனம் நொந்தால், அந்த நோவிலே நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? படுக்கைகளுக்கு ஓர் எண்ணிக்கை உண்டு. மருந்துக்கு ஒரு விலை உண்டு. மருத்துவரின் நேரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையுள்ள பொருளைப் பங்கிடும்போது தகுதி பார்க்கவேண்டும் என்ற எண்ணம் மனித சுபாவத்திலே ஊறியது. ஆகையால் இந்த வாதத்தை மரியாதையோடு எடுத்துக்கொண்டு, மரியாதையோடு பரிசீலித்து, அது ஏன் பிழையென்று நான் கருதுகிறேன் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவதாக, நம்முடைய மூதாதையர் இதைப் பற்றி எப்படிச் சிந்தித்தார்கள் என்று பார்ப்போம். திருவள்ளுவர் மருந்துக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அந்தப் பத்துக் குறட்பாக்களில் பாதிக்கு மேற்பட்டவை உணவைப் பற்றியே பேசுகின்றன. முன்னுண்டது செரித்த பிறகே மேலும் உண்ண வேண்டும், மிகுதியாக உண்பவனை நோய் விடாது என்று கண்டிப்பாக எச்சரிக்கிறார். நோய்க்கு நம் நடத்தையும் ஒரு காரணம் என்பதை அவரைவிட அழுத்தமாக யார் சொல்லியிருக்கிறார்கள்? ஆனால், அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் வைத்தியனைப் பார்த்துப் பேசத் தொடங்கும்போது அவர் என்ன சொல்கிறார்? நோய் இன்னதென்று ஆராய வேண்டும், அதன் காரணத்தை ஆராய வேண்டும், தணிக்கும் வழியை ஆராய வேண்டும். நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலத்தின் தன்மை ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறார். காரணத்தை ஆராயச் சொன்னவர், அந்தக் காரணம் நோயாளியின் குற்றமாக இருந்தால் மருந்தைக் குறைத்துக்கொள் என்று சொல்லவில்லை. உண்பவனுக்கு ஒரு போதனை. வைத்தியனுக்கு வேறொரு கடமை. இவ்விரண்டையும் அவர் ஒன்றாகக் குழப்பவில்லை. நாமோ இன்று குழப்புகிறோம்.

இரண்டாவதாக, குற்றம் எவருடையது என்று நிறுப்பதற்குத் தராசு எங்கே இருக்கிறது? இங்கிலாந்திலே, 1967இல், லண்டன் நகரத்து அரசாங்க உத்தியோகஸ்தர்கள் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. அத்தனை பேரும் ஒரே சர்க்காரின் ஊழியர்கள். அத்தனை பேருக்கும் இலவச வைத்தியம் உண்டு. பட்டினி கிடந்தவர் எவரும் இல்லை. அப்படியிருந்தும், மேல்நிலை அதிகாரிகளோடு ஒப்பிட்டால், கடைநிலை ஊழியர்களிடையே இருதய நோயால் இறந்தவர்களின் விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. “கீழ்நிலையில் இருந்தவர்கள் அதிகம் புகைத்திருப்பார்கள்” என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான், அதிகம் புகைத்தார்கள். ஆனால் புகையையும் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கணக்கிலிருந்து கழித்துப் பார்த்த பிறகும் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது. மைக்கேல் மார்மட் என்ற அறிஞர் தம் ஆயுளின் பெரும்பகுதியை இந்தப் புதிரை அவிழ்ப்பதிலேயே செலவிட்டார். தன் வேலையின்மீது தனக்கே அதிகாரம் இல்லாமல், பிறர் ஏவலுக்கு நாளெல்லாம் ஓடுகின்ற வாழ்க்கையே இருதயத்தைத் தின்கிறது என்பது அவர் கண்ட முடிவுகளில் ஒன்று. இதில் நோயாளியின் குற்றம் எத்தனை பங்கு? சமூகத்தின் குற்றம் எத்தனை பங்கு? பிரித்துச் சொல்ல வல்லவர் யார்?

இன்னும் ஒரு படி பின்னால் செல்வோம். கருப்பையில் இருக்கும்போது போதிய போஷாக்குப் பெறாமல், எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு, வளர்ந்த பிறகு இருதய நோயும் சர்க்கரை நோயும் வருகின்ற வாய்ப்பு அதிகம் என்று டேவிட் பார்க்கர் என்ற ஆங்கில மருத்துவ ஆராய்ச்சியாளர் கண்டறிந்தார். நம் நாட்டிலும் புனே நகரத்தில் நடந்த ஆராய்ச்சிகள், இந்தியக் குழந்தைகள் மெலிந்து பிறந்தாலும் உடலில் கொழுப்பின் விகிதம் மிகுந்தே பிறக்கின்றன என்று காட்டின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்த நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அந்தப் பத்துக் கோடிப் பேரில், தாயின் வயிற்றிலேயே பசியை அனுபவித்துவிட்டுப் பிறந்தவர் எத்தனை பேர்? பருப்பும் காய்கறியும் வாங்கப் பணம் போதாமல், மூன்று வேளையும் சோற்றாலேயே வயிற்றை நிரப்பி வளர்ந்தவர் எத்தனை பேர்? இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டுப் பகலில் கிடைத்ததைத் தின்று கிடைத்த இடத்தில் உறங்குகின்றவர் எத்தனை பேர்? “நாவை அடக்காதவன்” என்ற ஒரே சொல்லில் இத்தனை பேரையும் அடைத்துவிட முடியுமா?

மூன்றாவதாக, குற்றம் பார்க்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? குடிப்பவரை விலக்குவோம் என்கிறோம். சரி. தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வாகனத்தில் பறந்து மண்டையை உடைத்துக்கொண்ட இளைஞரை என்ன செய்வது? தீபாவளிக்குத் தட்டுத் தட்டாக இனிப்புத் தின்ற கனவானை என்ன செய்வது? நாற்காலியை விட்டு எழுந்திராமல் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து முதுகையும் இருதயத்தையும் கெடுத்துக்கொண்ட அதிகாரியை என்ன செய்வது? இவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஏன் பேசுவதில்லை? நம்முடைய குற்றங்களுக்கு நாம் பழக்கம் என்று பெயரிடுகிறோம். ஏழையின் பழக்கங்களுக்குக் குற்றம் என்று பெயரிடுகிறோம். மேலும், பணம் படைத்தவர் தனியார் மருத்துவமனைக்குச் சென்றுவிடுவார். அங்கே பணத்தைத் தவிர வேறெதையும் எவரும் விசாரிக்கப் போவதில்லை. ஆகவே பொது வைத்தியத்தில் ஒழுக்க விசாரணை என்பது ஏழைக்கு மட்டும் நடக்கும் விசாரணை. பட்சபாதம் இல்லாத சட்டம்போலத் தோற்றமளித்தாலும், அதன் தண்டனை ஒரு சாராரின் தலையில் மட்டுமே விழும்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு நேர்மாறான ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2021 டிசம்பர் மாதத்தில் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சாலையில் விபத்துக்கு உள்ளானவர் இந்த மாநிலத்தவரா, அயல் மாநிலத்தவரா, அயல் நாட்டவரா என்று பாராமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்க வகைசெய்தது அத்திட்டம். அடிபட்டவரின் உயிர் நிமிஷக் கணக்கில் கரைந்துகொண்டிருக்கும் வேளையில், வேகம் யாருடையது, பிழை யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருந்தால், விசாரணை முடியும்போது விசாரிக்கப்பட்டவர் இருக்க மாட்டார். பிழையை விசாரிக்கப் போலீசாரும் நீதிமன்றமும் இருக்கின்றன. விபத்துக்குப் பொருந்துகின்ற இந்த நியாயம் வியாதிக்கு மட்டும் ஏன் பொருந்தாமற்போகும்?

நான்காவதாக, சரித்திரத்தைக் கேளுங்கள். 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும், சென்னை ராஜ்ய சர்க்காரும் அதிலே கைகோத்தன. அந்த நாட்களில் காசநோய்க்குச் சிகிச்சை என்றால், நல்ல காற்றும் நல்ல உணவும் பூரண ஓய்வும் கொண்ட சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்குவது என்றே பொருள். குடிசையில் நெரிசலாக வாழ்ந்து, அரைவயிறு உண்டு, ஓய்வின்றி உழைக்கும் ஏழைக்கு வீட்டிலேயே மருந்து கொடுப்பது வீண்; அவர் வாழ்கின்ற முறையே மருந்தை முறியடித்துவிடும் என்று நம்பியவர்கள் பலர். சென்னை ஆராய்ச்சியாளர்கள் அதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றொரு பகுதியினருக்கு அவரவர் குடிசையிலேயே மருந்து கொடுத்தார்கள். 1959இல் முடிவுகள் வெளிவந்தன. ஒரு வருஷ முடிவில் இரு சாராரும் குணமடைந்த விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது அந்த முடிவு. நோயாளியின் வாழ்க்கை முறையைக் காரணம் காட்டிக் கையை விரித்திருந்தால், இலட்சோபலட்சம் உயிர்கள் வீணாகப் போயிருக்கும்.

இன்னோர் உதாரணம். 1986இல், இதே சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில் நடந்த பரிசோதனைகளில்தான் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்து வந்த வருஷங்களை நினைத்துப் பாருங்கள். ‘தானே தேடிக்கொண்ட வினை’ என்று சொல்லி நோயாளிகளைத் தொட மறுத்த மருத்துவமனைகள் பல. என்ன விளைந்தது? நோயுற்றவர்கள் நோயை மறைத்தார்கள். பரிசோதனைக்கு வர அஞ்சினார்கள். மறைத்து வைத்த நோய் வீட்டுக்குள் நுழைந்தது. கணவனைத் தவிர வேறோர் ஆடவனை அறியாத மனைவிக்கும், அவள் வயிற்றில் வளர்ந்த சிசுவுக்கும் பரவியது. ஒழுக்கத்தின் பெயரால் சாத்திய கதவு, ஒரு பிழையும் செய்யாதவர்களின் முகத்திலும் சாத்தப்பட்டது. அத்தகைய காலத்தில் தாம்பரம் அரசு சானடோரியம் அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. 2004இல் மத்திய சர்க்கார் கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது அந்த மருத்துவமனையும் அவற்றை வழங்கும் மையங்களில் ஒன்றாயிற்று. மருந்து கிடைக்கும் என்று தெரிந்த பிறகு மனிதர்கள் தாமாகவே பரிசோதனைக்கு வந்தார்கள். அச்சுறுத்தலால் முடியாத காரியம் அரவணைப்பால் முடிந்தது.

“எல்லாம் சரி, பணம் எங்கிருந்து வரும்?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2008இல் நெதர்லாந்து நாட்டு அறிஞர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். இருபது வயது முதல் மரணம் வரையில் ஒரு மனிதருக்கு ஆகும் வைத்தியச் செலவை மதிப்பிட்டால், புகைப்பவருக்கு ஏறத்தாழ 2,20,000 யூரோவும், உடல் பருத்தவருக்கு 2,50,000 யூரோவும் ஆகின்றன. புகையும் பருமனும் இல்லாத ஆரோக்கியசாலிக்கோ 2,81,000 யூரோ ஆகிறது! காரணம் என்ன? ஆரோக்கியமாக வாழ்பவர் நீண்டகாலம் வாழ்கிறார். முதுமையின் நீண்ட நோய்களுக்கு நீண்ட சிகிச்சை வேண்டியிருக்கிறது. ஆரோக்கியத்தால் லாபம் இல்லை என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. நீண்ட ஆயுளைவிடப் பெரிய லாபம் வேறு எது? ஒழுங்கீனர்கள் பொக்கிஷத்தைக் கரைக்கிறார்கள் என்ற கூற்று அத்தனை நேரானதன்று என்று காட்டுவதற்காகவே சொன்னேன்.

நம் மாநிலத்தின் கணக்கு இன்னும் விசித்திரமானது. 1937இல் ராஜாஜி அவர்கள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்த பூமி இது. அதே பூமியில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையைச் சர்க்காரே டாஸ்மாக் மூலம் ஏகபோகமாக நடத்துகிறது. 2023-24ஆம் வருஷத்தில் அதனால் வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். அதற்கு அடுத்த வருஷ வரவு செலவுத் திட்டத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கிய தொகையோ 20,198 கோடி ரூபாய். குடிப்பவர் சர்க்காரின் கையில் வைத்த பணம், சர்க்கார் எல்லா மக்களுக்குமாக வைத்தியத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்! ஒரு கையால் புட்டியை விற்று விலையை வாங்கிக்கொண்டு, மறு கையால் மருத்துவமனைக் கதவைச் சாத்துவது எந்த நாட்டு நியாயம்? நம் அரசியல் சாசனத்தின் 47ஆவது பிரிவு, ஜனங்களின் சுகாதாரத்தை மேம்படுத்துவதையும் மதுவிலக்கை நோக்கி முயல்வதையும் ஒரே மூச்சில் அரசின் கடமையாகச் சொல்லுகிறது. ஒரு கடமையை நிறைவேற்றாத அரசு, அந்தக் குறையால் நோயுற்றவரிடத்தில் மற்றொரு கடமையையும் மறுத்தல் தகுமா?

பிற நாட்டார் இதைச் செய்து பார்க்கவில்லையா என்றால், முயன்றிருக்கிறார்கள். 1948 ஜூலை 5ஆம் தேதி அன்யூரின் பெவன் அவர்களின் முயற்சியால் எல்லோருக்கும் இலவச வைத்தியம் தொடங்கிய பிரிட்டனிலேயே, 2016இல் யார்க் வட்டார நிர்வாகம், உடல் பருத்தவர்களின் அவசரமற்ற அறுவைச் சிகிச்சையை ஒரு வருஷம் வரையிலும், புகைப்பவர்களின் சிகிச்சையை ஆறு மாதம் வரையிலும் தள்ளிவைக்கலாம் என்று திட்டமிட்டது. கைச்செலவுக்குப் பணம் குறைந்தது. யாரைக் காக்கவைக்கலாம் என்று சுற்றிப் பார்த்தார்கள். பரிந்து பேச ஆளில்லாதவர்கள் கண்ணில் பட்டார்கள். மருத்துவர்களிடமிருந்தே கண்டனம் எழுந்தது. மூட்டு தேய்ந்து நடக்க முடியாதவரை, நடந்து எடையைக் குறைத்துவிட்டு வா என்று அனுப்புவது வைத்தியமா, கேலியா?

இங்கே ஒரு வேறுபாட்டை நான் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே புகையை நிறுத்துங்கள், காயம் நன்றாக ஆறும் என்று மருத்துவர் சொன்னால், அது தண்டனையன்று. அது சிகிச்சையின் ஓர் அங்கம். ஒரு கல்லீரல் கிடைத்து அதற்காகப் பலர் காத்திருக்கும்போது, யாருடைய உடலில் அது நிலைத்து வாழும் என்று பார்ப்பதும் தண்டனையன்று; அது நிர்ப்பந்தம். நம் மாநிலத்தில் 2008 முதல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைத் தானமாகப் பெற்று வழங்கும் திட்டம் நடக்கிறது; அதிலே ஒவ்வோர் உறுப்பும் ஒரு குடும்பத்தின் கண்ணீரிலிருந்து வருகிறது; அதை விரயமாக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அங்கேயும் கேட்கவேண்டிய கேள்வி “இவருக்குப் பயன்படுமா?” என்பதே தவிர, “இவருக்குத் தகுமா?” என்பதன்று. குடியை விட்டு ஆறு மாதம் கழிந்தால்தான் மாற்றுக் கல்லீரல் என்ற விதியைப் பல நாடுகள் நெடுநாள் கைக்கொண்டிருந்தன. பிரான்சு, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் மருத்துவர்கள், குடியால் கல்லீரல் வெந்து மரணத்தின் விளிம்பில் இருந்த சிலரைக் கவனமாகத் தெரிந்தெடுத்து, காத்திருக்க வைக்காமலே சிகிச்சை செய்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாத முடிவில் சிகிச்சை பெற்றவர்களில் 77 சதவீதத்தினர் உயிரோடிருந்தார்கள்; பெறாதவர்களில் 23 சதவீதத்தினரே உயிரோடிருந்தார்கள். விஞ்ஞானம் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த விதியிலும் வெறுப்பு கொஞ்சம் கலந்திருந்தது என்பதை அந்த முடிவு காட்டிவிட்டது.

அப்படியானால் தீய பழக்கங்களைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க வேண்டுமா? ஒருபோதும் இல்லை. தடுக்கவேண்டிய இடம் கடைத்தெரு. கட்டிலின் தலைமாடு அன்று. புகையிலைக்கும் மதுவுக்கும் வரியை உயர்த்துங்கள். அந்த வரியில் ஒரு பங்கை மருத்துவமனைக்கென்றே ஒதுக்குங்கள். கல்விச்சாலைகளிலிருந்து 100 கஜ தூரத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. பொது இடத்தில் புகைக்கக்கூடாது என்ற விதி 2008 அக்டோபர் 2 முதல் கண்டிப்பாக்கப்பட்டது. இவற்றை ஏட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு தாலுகா ஆசுபத்திரியிலும் குடியை மறக்கச் செய்யும் சிகிச்சை கிடைக்கட்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் இரத்தக்கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது. நோயாளியைத் தள்ளிவைத்து எவரும் திருத்தியதில்லை. தேடிச் சென்று திருத்தியவர்கள் உண்டு.

அன்பர்களே! சுதந்திரத்துக்கு முன்பே, 1946இல், ஜோசப் போர் அவர்களின் தலைமையில் அமைந்த குழு, பணம் இல்லை என்ற காரணத்தால் இந்நாட்டில் ஒருவருக்கும் வைத்தியம் கிடைக்காமற்போகக் கூடாது என்ற கொள்கையை நமக்குத் தந்தது. பணத்தின் பெயரால் மறுக்கக்கூடாது என்று தீர்மானித்த நாம், நடத்தையின் பெயரால் மறுக்கலாம் என்று இன்று இறங்கி வருவோமானால், நாளைக்கு வேறொன்றின் பெயரால் மறுப்பதற்கும் வழி திறந்துவிடுவோம். இங்கே அமர்ந்திருக்கும் இளம் மருத்துவர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். நோயாளியின் பழக்கத்தைக் கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், கண்டிக்கவும் கண்டியுங்கள். ஆனால் அந்தக் குறிப்பு அவருடைய மருந்தை நிர்ணயிப்பதற்கு உதவட்டும், அவருடைய தகுதியை நிர்ணயிப்பதற்கு உதவ வேண்டாம். பொதுமக்களாகிய உங்களை நான் வேண்டிக்கொள்வதும் ஒன்றுதான். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகின்றவர்களிடம், குடிப்பவனுக்கு ஏன் வைத்தியம் என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் ஏன் மதுக்கடை, எங்கள் ஊரில் ஏன் மருத்துவர் பற்றாக்குறை என்று கேளுங்கள்.